இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே ஓர் ஆள்

அமுதவள்ளிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கையில் இருக்கும் சாமானை மிக மெதுவாகக் கீழே வைப்பாள், அவ்வளவுதான். கோலாலம்பூர் புடுவில், ஜாலான் பாசாரில் உள்ள அந்த மின்சாமான் கடையின் மேசைமேல் அன்று அவள் ஒரு ஸ்பீக்கரை வைத்த விதத்தைப் பார்த்தே கடைக்காரர் யாப்புக்கு விஷயம் புரிந்துவிட்டது. மூன்றாவது முறையாகத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள்.

"தாக் சமா, பாஸ்," என்றாள். இரண்டும் ஒன்றுபோல் இல்லையாம்.

யாப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது மலாயில். நம் வசதிக்கு அது தமிழில் வருகிறது.

"ஆன்டி, போன வாரம் எட்டு பீஸைப் பிரிச்சீங்க. ஒவ்வொண்ணா காதுல வச்சிக் கேட்டீங்க. நீங்களேதான் இது சமான்னு சொல்லி எடுத்துட்டுப் போனீங்க."

"இங்க சமா. வீட்டுக்குப் போனா தாக் சமா."

"அப்ப வீட்டை மாத்துங்க லா."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அமுதவள்ளி திரும்பிப் பார்க்காமல் போயிருப்பாள். ஆனால் யாப் சொல்லிக்கொண்டே உள்ளே போய் இன்னும் நான்கு அட்டைப்பெட்டிகளை எடுத்துவந்து அவள் முன் அடுக்கினார். கடையில் நின்ற இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு வயதுத் தமிழ்ப் பெண் ஒருத்தி, பொட்டும் பூப்போட்ட ப்ளவுஸுமாக, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை நகத்தால் சுண்டி, அதை வலது காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதை அவர்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள்?

பெட்டியில்லாத வெறும் ஸ்பீக்கரை, அதாவது பின்னால் காந்தமும் முன்னால் கூம்புமாக இருக்கும் அந்த வட்டமான உறுப்பை, டிரைவர் என்று சொல்வார்கள். அமுதவள்ளிக்கு அது புதிதல்ல. பந்திங் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவள், பத்தொன்பது வயதில் ஷா ஆலாமில் ஒரு ஸ்பீக்கர் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். விடியுமுன் தோட்டத்து முச்சந்திக்குத் தொழிற்சாலை பஸ் வரும். பாதி ஊர்ப் பெண்கள் அதில் தூங்கிக்கொண்டே போய், தூங்கிக்கொண்டே திரும்புவார்கள். முதலில் பசை தடவும் வரிசையில் இருந்தாள். பிறகு காது நன்றாக இருக்கிறது என்று ஒலி கேட்கும் அறைக்கு மாற்றினார்கள். தொழிற்சாலை மூடும்வரை, இருபது வருஷத்துக்கும் மேலாக, அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

அந்த அறையில் இரண்டு மரக்கூண்டுகள். நடுவில் ஒரு சுவர், சுவரில் கையளவு ஒரு திறப்பு. ஒரு கூண்டில், ரிவெட் ஆணி அடிக்கும் இயந்திரத்தை ஒட்டி, அமுதவள்ளி, மறு கூண்டில் செந்தூல்காரி டொரத்தி. மேசையில் இரண்டு தாங்கிகள் இருக்கும். வலது தாங்கியில் உட்கார்ந்திருப்பது மாஸ்டர். இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று ஜப்பானிலிருந்து வந்த மாதிரி அது. இடது தாங்கியில் புதிதாகச் செய்த டிரைவரை வைப்பாள். இயந்திரம் ஒரு ஒலியை அடிவயிற்று உறுமலாகத் தொடங்கிக் கொசுவின் ரீங்காரம்வரை ஏற்றிக்கொண்டு போகும். முதலில் மாஸ்டர், பிறகு புதியது, ஒன்றன்பின் ஒன்றாக. காதை அருகில் கொண்டுபோய்க் கேட்க வேண்டும். எங்காவது கரகரத்தால், எங்காவது ஒரு நூல் தணிந்தால், அது சிவப்புத் தட்டுக்குப் போகும். ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு கிடைத்தால் இரண்டின் முதுகிலும் வெள்ளைப் புள்ளி வைத்துத் திறப்பு வழியாகத் தள்ளுவாள். டொரத்தியும் கேட்டு ஒத்துக்கொண்டால் மஞ்சள் புள்ளி. ஒருத்தி காது மட்டும் சொன்னால் ஜோடி ஆகாது. டொரத்திக்குச் சரிப்படவில்லை என்றால் ஒரு வார்த்தையும் இல்லாமல் திறப்பு வழியாகவே திரும்பி வந்துவிடும்.

புதிதாக வரும் பெண்களுக்குக் கழிவறை எங்கே என்று காட்டுவதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிக் கொடுப்பார்கள்: மாஸ்டரைத் தொடக் கூடாது. சந்தேகம் வந்தால் இடதைத்தான் மாற்ற வேண்டும். வலதின்மேல் கை பட்டால் எச்சரிக்கைக் கடிதம்.

இப்படி எத்தனையோ ஆயிரம் ஜோடிகளைச் சேர்த்து அனுப்பியவள், ஒரு ஜோடிகூடச் சேர்ந்து பாடிக் கேட்டதில்லை. அது நம்ப முடியாததுபோல் இருக்கும். ஆனால் அதுதான் உண்மை. டிரைவர்கள் அட்டைப்பெட்டியில் ஏறி வேறு நாட்டுக்குப் போய் அங்கேதான் பெட்டிக்குள் புகுந்தன. கல்யாணத் தரகர் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிடுவதுபோல அவள் வேலை முடிந்துவிடும். தோட்டத்து வீட்டில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோ. பிறகு வந்தது கைப்பேசி.

ஒரு வருஷக் கடைசி விருந்தில் ஜப்பானிய இன்ஜினியர் ஒருவர் பேசினார். மீன் கறி அன்று அருமை, அதனால் பாதிப் பேர் காதில் அவர் பேச்சு விழவில்லை. அமுதவள்ளிக்கு விழுந்தது. நீங்கள் சேர்க்கும் ஜோடி சரியாக இருந்தால், நடுவில் உட்கார்ந்து கேட்பவருக்கு ஸ்பீக்கர் இரண்டும் மறைந்துவிடும், பாடுகிறவர் நடுவே வந்து ஓர் ஆளாக நிற்பார் என்று சொன்னார். சூப்பர்வைசர் அதை மலாயில் மொழிபெயர்த்துவிட்டு, சரி, எல்லாரும் சாப்பிடுங்கள் என்றார்.

அந்தப் பேச்சு அவளுக்குள் கிடந்தது. கிடக்கட்டும் என்றுதான் விட்டிருந்தாள். ஓடுகிற வாழ்க்கையில் நின்று பாட்டுக் கேட்க யாருக்கு நேரம்? பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள், பிறகு வருவது நின்றது. தாய் தகப்பன் போனார்கள். தம்பி ஜீவன் பந்திங்கிலேயே குடும்பமாகிவிட்டான். நல்லவன்தான், தீபாவளிக்குத் தீபாவளி கூப்பிடுவான். அவள் கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் சின்ன வீடொன்றை வாங்கிக் குடிவந்தாள். கடைசியில் தொழிற்சாலை வியட்நாமுக்குப் போயிற்று. மாஸ்டரையும் கூட எடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்போது காலையில் ஒரு டோபி கடையில் துணி மடிக்கிறாள். கடைக்காரி வாணி நல்ல பெண், கொஞ்சம் வாய் நீளம். மதியம் வீடு திரும்பிக் கதவைச் சாத்தினால் மறுநாள் காலைவரை அவளோடு பேச ஒரு ஆள் கிடையாது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அமுதவள்ளி தனியாக இருந்தாள். அது அவளுக்கு வலித்தது. தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுச் சமைப்பாள். அதில் வருகிறவர்கள் அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். சில நாள் குழாயைத் திறந்து மூடும்போது "சரி" என்று சொல்லிப் பார்ப்பாள், தொண்டை வேலை செய்கிறதா என்று.

அப்படி ஒரு மாலையில்தான் கைப்பேசியில் யாரோ வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்வதைப் பார்த்தாள். இன்ஜினியர் சொன்னது நினைவுக்கு வந்தது. பாடுகிறவள் வந்து நடுவில் நிற்பாள் என்றால், நிற்கட்டுமே. என் வீட்டில் ஓர் ஆள் நிற்கட்டும் என்று தோன்றியது. தோன்றியதும் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு மறுநாள் பலகை விலை விசாரிக்கப் போனாள்.

பலகையைக் கடையிலேயே அளவாக அறுத்துக் கொடுத்தார்கள். இரண்டு நடையாக மூன்று மாடி ஏற்றினாள். பசை தடவிய பெட்டியின்மேல் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்து இறுகவிட்டாள். உள்ளே திணிக்க ஒரு பழைய தலையணையைப் பிரித்தாள். வாணியின் அண்ணன் வீட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர் வந்து சேர்ந்தது. பெட்டிகள் அழகாகவே அமைந்தன. கூடத்துச் சுவரோரம் இரண்டு முக்காலிகளின்மேல் இடைவெளி விட்டு வைத்து, எதிரே நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். முதல் நாள் தலைக்குக் குளித்துவிட்டு அதில் உட்கார்ந்தாள். ஏனென்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

பழைய பாட்டு ஒன்று. பெண் குரல். இசை தொடங்கி, குரல் வந்தது. வந்தது, ஆனால் நடுவில் நிற்கவில்லை. வலது பெட்டியோடு ஒட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு வாசலில் நின்று பாடுகிறவள்போலப் பாடினாள்.

அமுதவள்ளி என்ன செய்வாள்? அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள். வலது மாஸ்டர். அதன்மேல் கை வைக்கவில்லை. இடது டிரைவர் தணிந்திருக்கிறது என்று முடிவுசெய்து அதைக் கழற்றி, ரயிலேறிப் புடுவுக்குப் போய் மாற்றிவந்தாள். மறுபடி அதே கதை. மறுபடி மாற்றினாள். ஒயரைக் கழற்றி வலதை இடதாக மாற்றிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நமக்குத் தோன்றுகிறது. அவளுக்குத் தோன்றவில்லை. இருபது வருஷம் தொடாதே தொடாதே என்று சொல்லிவைத்த கை அது, பாவம், சொன்ன பேச்சைக் கேட்டது.

யாப் கொடுத்த நான்கிலிருந்து ஒன்றைத் தேர்ந்து எடுத்துவந்த அந்தச் சனிக்கிழமையும் குரல் வலது பக்கமே நின்றது. அதன் பிறகு டிரைவரை விட்டுவிட்டு வீட்டின்மேல் பாய்ந்தாள். அலமாரியை நகர்த்தினாள், திரையைக் கழற்றினாள், இடது பெட்டியைத் திறந்து தலையணைப் பஞ்சைக் கூட்டிக் குறைத்தாள். டோபி கடையில் மடிக்கும்போதும் அதே யோசனை.

"அக்கா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அப்டில இருக்கு உங்க கதை," என்றாள் வாணி, இடது பக்கம் நின்று துணியை உதறிக்கொண்டே.

அமுதவள்ளி பாட்டுக்கு மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

"என்னா?"

"ஒண்ணும் இல்ல லா. மெஷின் சத்தத்துல உங்களுக்கு எதுவும் கேக்கறதில்ல."

அன்று மாலை நாற்காலியில் உட்கார்ந்து குரலை வலது பக்கமே கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒருத்தி காது மட்டும் சொன்னால் ஜோடி ஆகாது என்பது ஞாபகம் வந்தது. இதற்கு டொரத்தி வேண்டும்.

டொரத்தியோடு சண்டை ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம், சண்டை இருந்திருந்தால் சமாதானம் பேசக் கூப்பிடலாம். அவர்கள் சிநேகம் அந்தத் திறப்பு வழியாக நடந்தது. பிஸ்கட் போகும், தைலம் வரும், கிறிஸ்மஸ் கேக் போன தட்டில் முறுக்கு திரும்பும். ஒரு கூண்டாவது எப்போதும் ஓட வேண்டும் என்பதால் ஒருத்தி சாப்பிடப் போனால் மற்றவள் உட்கார்ந்திருப்பாள். சேர்ந்து சாப்பிட்டதே கிடையாது. ஒருத்திக்குப் பந்திங் பஸ், மற்றவளுக்குச் செந்தூல் பஸ். தொழிற்சாலை போனபின், தீபாவளிக்கு டொரத்தி ஒரு விளக்குப் படம் அனுப்புவாள். கிறிஸ்மஸுக்கு அமுதவள்ளி ஒரு நட்சத்திரப் படம் அனுப்புவாள். அவளுக்குக் குடும்பம் இருக்கிறது, மகன் ரோனியோடும் பேரப்பிள்ளைகளோடும் இருக்கிறாள், நான் எதற்கு நடுவில் என்று அமுதவள்ளியே நினைத்துக்கொண்டு, அவளே விலகிக்கொண்டாள்.

எப்படியோ கூப்பிட்டுவிட்டாள்.

"அமுதாவா? யாருக்கு என்னா ஆச்சி?" என்றாள் டொரத்தி.

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஒரு ஜோடி இருக்கு. நான் வெள்ளை வச்சிட்டேன். நீ மஞ்சள் வைக்கணும்."

அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்தும் சத்தம், தொலைக்காட்சிச் சத்தம்.

"சனிக்கிழமை வரேன்," என்றாள் டொரத்தி.

சனிக்கிழமை அமுதவள்ளி மீன் கறி வைத்து, கத்தரிக்காய் பொரித்து, இரண்டாவது நாற்காலியைக் கழுவிக் காயவைத்தாள். பேத்திக்குக் காய்ச்சல் என்று மதியம் செய்தி வந்தது. பரவாயில்லை என்று பதில் போட்டாள். மீன் கறியைத் திங்கட்கிழமைவரை சாப்பிட்டாள். வராத ஆளுக்கு வைத்த கறி மறுநாள் ருசி கூடும் என்பது பொய்.

அடுத்த சனிக்கிழமை டொரத்தி வந்தாள். செந்தூலில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் மாறி, கிள்ளானில் இறங்கி, மூன்று மாடி ஏறி, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கழுத்தில் சிலுவை போட்ட அதே மெல்லிய சங்கிலி. உடம்பு பெருத்திருந்தது, தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் ஒரு டப்பா.

"இவ்ளோ தூரமா இருக்கு உன் வீடு," என்றாள், குற்றம் சொல்வதுபோல.

"நீ ஒரு நாளும் வரலியே, உனக்கு எப்டித் தெரியும்."

அதற்குமேல் இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. நடுவில் சுவர் இருந்தபோது பேச்சு தானாக வந்தது. நல்ல வேளை, வேலை ஒன்று இருந்தது. டொரத்தி முக்காலிகளின்மேல் இருந்த பெட்டிகளைத் தட்டிப் பார்த்தாள், விளிம்பைத் தடவினாள், கூம்பைச் சுண்டினாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க. என்னா கொறை?"

"எடது தணிஞ்சி இருக்கு. மூணு தடவ மாத்திட்டேன். நீ உக்காரு, சொல்லு."

டொரத்தி நடுவில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். அமுதவள்ளி பின்னால் நின்று பாட்டைப் போட்டாள். இசை போயிற்று. குரல் வந்தது. டொரத்தியின் தோள் ஒரு தடவை உயர்ந்து தணிந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். எழுந்தாள். நேராகச் சுவர்வரை நடந்துபோய், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் இருந்த வெற்றுச் சுவரைக் கையால் தடவினாள். குனிந்து முக்காலிகளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"மூணாவது ஒண்ணு எங்க வச்சிருக்க?"

"என்னா மூணாவது?"

"நடுவுல ஒண்ணு பாடுதே. எங்க ஒளிச்சி வச்சிருக்க?"

"நடுவுலயா?"

"நடுவுலதான். இதோ, இந்த எடத்துல நிக்கறா. உனக்குக் கேக்கலியா?"

அமுதவள்ளி நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். குரல் வலது பெட்டியை விட்டு நகரவில்லை. வலது பக்கம் கை காட்டினாள். டொரத்தி அவளைப் பார்த்தாள், பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு பின்னால் வந்து நின்று, தன் உள்ளங்கையால் அமுதவள்ளியின் வலது காதை இறுக்கி மூடினாள்.

பாட்டு எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. கதவைச் சாத்திய நாலாவது வீட்டில் யாரோ பாடுவதுபோல் ஆகிவிட்டது.

டொரத்தி கையை எடுத்து, அடுத்த பக்கம் மூடினாள். பாட்டு தெளிவாகக் கேட்டது. இடது காதை மூடினாலும் திறந்தாலும் ஒரு வித்தியாசமும் இல்லை.

"ஸ்பீக்கர் நல்லா இருக்கு, அமுதா," என்றாள் மெதுவாக.

கூடம் கோணலாக இல்லை. யாப்பின் கடையில் இருந்த எல்லா டிரைவரும் நன்றாகவே இருந்திருக்கின்றன. கடையில் வலது காதில் வைத்துக் கேட்டபோது சரியாக இருந்தது, வீட்டில் இரண்டு காதால் கேட்டபோது கோணியது. கோணல் அவளுக்குள் இருந்தது. எத்தனை வருஷமாக என்று யாருக்குத் தெரியும். தனியாக இருக்கிறவளிடம் இடது பக்கம் நின்று யார் பேசினார்கள், தெரிந்துகொள்வதற்கு?

"அந்த ரிவெட் அடிக்கற மெஷின்," என்றாள் டொரத்தி. "உன் கூண்டுக்கு எடது பக்கந்தான் இருந்திச்சி."

அமுதவள்ளி இடது காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அது மொதல்ல என் கூண்டு. ரோனி வயித்துல இருக்கும்போது சத்தம் தாங்க முடியலன்னு சொன்னேன், நீ எடம் மாத்திக்கிட்ட. புள்ள பொறந்தப்புறம் நான் திருப்பிக் கேட்டிருக்கணும்."

"நான் திருப்பிக் குடுக்கணும்னு நெனைக்கவே இல்ல."

"நானும் கேக்கல."

"யாராச்சும் ஒருத்தர் அங்க உக்காரணும்ல," என்றாள் அமுதவள்ளி. அதைச் சமாதானமாகச் சொல்ல நினைத்தாள். சொல்லும்போது அழுகையாக வந்துவிட்டது. காதுக்காகக்கூட அவள் அழவில்லை. இத்தனை மாதம் பாடுபட்டு ஓர் ஆளை வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறாள். அந்த ஆள் தினமும் கூடத்தின் நடுவில் வந்து நின்றிருக்கிறாள். இவளால்தான் பார்க்க முடியவில்லை. அதை நினைத்து அழுதாள். டொரத்தி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுடைய வலது காதுப் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து டொரத்தியின் கண் ஆம்ப்ளிஃபையரின்மேல் போயிற்று. "இதுல ஒரு குமிழ் இருக்கே, இந்தப் பக்கம் கொறைச்சி அந்தப் பக்கம் கூட்டறது. திருப்பிப் பாக்கறேன், சொல்லு." இடது பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனாள். குரல் வலது பெட்டியிலிருந்து கழன்று கொஞ்சம் நகர்ந்தது. ஆள் என்று சொல்ல முடியாது. யாரோ வர நினைத்து வாசலில் தயங்குவதுபோல் இருந்தது.

"வருது," என்றாள் அமுதவள்ளி. "உனக்கு?"

"எனக்கு அவ அந்தப் பொட்டிக்குள்ளயே போயிட்டா."

அமுதவள்ளி எழுந்துபோய்க் குமிழைத் திரும்ப நடுவுக்கே கொண்டுவந்தாள். டொரத்தி தடுத்தாள். "உன் வீடு, உன் ஸ்பீக்கர். நீ கேக்கற மாதிரி வையி லா."

"நான் நாளைக்கி வச்சிக்குவேன். நீ சாப்டுட்டுப் போயிடுவ. போய் உக்காரு."

டொரத்தி நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். பாட்டை முதலிலிருந்து போட்டாள் அமுதவள்ளி.

"வந்துட்டாளா?"

"வந்துட்டா."

"எங்க? கையக் காட்டு."

டொரத்தி கை நீட்டினாள். அமுதவள்ளி அந்தக் கை காட்டிய பக்கம் நடந்தாள். இரண்டு முக்காலிகளுக்கும் நடுவே, சுவருக்கு ஓரடி முன்னால் போய் நின்று திரும்பினாள்.

"இங்கயா?"

"கொஞ்சம் இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம்." டொரத்தி நீட்டிய கையை மெல்லக் கீழே இறக்கினாள். "அங்கதான். நீ பாடற மாதிரியே இருக்கு. நகராத."

அமுதவள்ளி நகரவில்லை. அங்கே நின்றால் பாட்டு ஒழுங்காகக் கேட்காது; இரண்டு பெட்டிகளும் அவளைத் தாண்டி முன்னால் ஒலித்துக்கொண்டிருந்தன. அவளுக்குத் தெரிந்தது டொரத்தியின் முகம். கேட்கும்போது அவள் புருவம் இப்படி ஒரு பக்கம் ஏறும் என்பது இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு இன்றுதான் தெரிந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். டொரத்தியின் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.